பெல்லாரியில் ஓர் இரவு

"டீச்சர், நீங்க எத்தனை தடவ பிளேன்ல போயிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். மூன்று தடவை. தங்கை மகள் கல்யாணத்துக்கு டெல்லி போனது ஒன்று, திரும்பி வந்தது ஒன்று. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். கேட்டவர் என் வீட்டு பீரோவைப் பார்த்தவராக இருந்தால் சிரித்துவிடுவார். துணி வைக்க வேண்டிய மூன்று தட்டுகளில் ஏர் இந்தியா டைம்டேபிள்கள், காலண்டர்கள், லக்கேஜ் சீட்டுகள், வெட்டி ஒட்டிய நோட்டுகள், விமானத் தபால் உறைகள். "ஏறாத வண்டிக்கு இவ்ளோ டிக்கெட்டா?" என்று என் வீட்டுக்காரர் முப்பது வருடமாக ஒரே ஜோக்கைச் சொல்லி வருகிறார். நானும் முப்பது வருடமாகச் சிரிக்காமல் இருந்து வருகிறேன்.

எனக்கு விமானத்தைவிட அது சுமந்த கடிதம்தான் முதலில் அறிமுகம்.

அப்பாவுக்கு ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை. ரயில் தபால் சேவை என்று விரித்துச் சொன்னாலும் இன்றைக்குப் பலருக்கு விளங்காது. ரயிலில் தபாலுக்கென்று தனிப் பெட்டி இருக்கும். அதற்குள் புறா மாடம் மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அந்த அறைகளில் போடுவார்கள். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில், அப்பாவுக்கு டூட்டி விழுப்புரத்திலிருந்து. விடிகாலையில் வீட்டுக்கு வரும்போது அவர் கையில் அரக்கு வாசனையும் கோணி வாசனையும் கலந்து வரும். பல் விளக்குவதற்கு முன்பே எனக்கு ஒரு விடுகதை போடுவார்.

"மெட்ராஸ்ல சாயங்காலம் போட்ட லெட்டரு மறுநாள் டெல்லில பட்டுவாடா ஆவுது. எப்பிடின்னு சொல்லு பாப்பா?"

எனக்குத் தெரியாது என்பதற்காகவே கேட்பார். பிறகு தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். மெட்ராஸ் இங்கே, பம்பாய் இங்கே, கல்கத்தா அங்கே, டெல்லி மேலே. நாலு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நாலும் நடுவில் ஒரே ஊருக்கு வந்து இறங்கும். அந்த ஊர் நாக்பூர். நடுநிசியில் பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1949 ஜனவரியில் தொடங்கிய ராத்திரி விமானத் தபால் ஏற்பாடு இது. அப்பா நாக்பூரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஊரைச் சொல்லும்போது சொந்த ஊரைச் சொல்வது போலச் சொல்வார். "நம்ம விழுப்புரம் ஜங்ஷன் மாதிரிதான் பாப்பா, ஆகாசத்துல." விமானக் கம்பெனியைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்கு விளக்கவில்லை.

ஏர் இந்தியாவின் மகாராஜாவைச் சந்தித்தது புதுச்சேரியில். தீபாவளிக்குத் துணி எடுக்க நேரு வீதிக்கு வருவோம். அங்கே ஒரு டிராவல்ஸ் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், சிவப்புக் கோட்டும் முறுக்கு மீசையும் வரி போட்ட தலைப்பாகையுமாக ஒரு பொம்மை, கண்ணை மூடிக் குனிந்து கும்பிட்டபடி நின்றது. அவர்தான் கம்பெனி முதலாளி என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். முதலாளியே வாசலில் நின்று கும்பிடுகிறாரே என்று அந்தக் கம்பெனி மேல் ஒரு தனி மரியாதை. பாபி கூகா என்ற அதிகாரியும் உமேஷ் ராவ் என்ற ஓவியரும் சேர்ந்து 1946இல் உருவாக்கிய பொம்மை அது என்பது காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போதும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அந்தக் கடையில் இருந்தவர், தினம் வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும் பெண்ணுக்குக் காலாவதியான டைம்டேபிள் ஒன்றைக் கொடுத்தார். (தினம் இல்லை, வருடத்துக்கு மூன்று தடவை. ஆனால் அவர் அப்படித்தான் சொல்வார்.) கைக்கடக்கமான புத்தகம். மெல்லிய தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊர்ப்பெயர்கள் மேலிருந்து கீழாக, பக்கத்தில் நேரங்கள், அம்புக்குறிகள். எங்கள் வீட்டில் இருந்த ரயில்வே கைடுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெய்ரூட், ஜெனீவா இருந்தன, அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிப்பது போல அதை மனப்பாடம் செய்தேன். அங்கேதான் பிடித்தது.

பிறகு நோட்டு போட ஆரம்பித்தேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருப்பது: டாட்டா ஏர்லைன்ஸ், 1946இல் ஏர் இந்தியா, 1948இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல், 1953இல் அரசுடைமை. அரசுடைமை ஆனபோது வெளிநாட்டுக்கு ஒரு நிறுவனம், உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று ஒரு நிறுவனம். அந்த இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் எட்டுக் கம்பெனிகளைக் கரைத்தார்கள். டெக்கான், பாரத், ஹிமாலயன், பிஜு பட்நாயக் நடத்திய கலிங்கா என்று அந்த எட்டையும் நவக்கிரகம் மாதிரி ஒப்பிப்பேன். டெக்கான் ஏர்வேஸ் மேல் எனக்குத் தனிப் பிரியம். பெண் என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பிய பிரேம் மாத்தூருக்கு விமானம் ஓட்டும் வேலை கொடுத்தது அந்தக் கம்பெனிதான். 1985இல் கேப்டன் சௌதாமினி தேஷ்முக், பெண்களே ஓட்டி பெண்களே பணிபுரிந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஃபோக்கர் விமானத்தைக் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குக் கொண்டுபோனார். அந்தச் செய்தியை வெட்டி ஒட்டிய பக்கத்தில் நான் வைத்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

அந்த வரன் அமையவில்லை. 1988இல் கல்யாணமாகிப் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு வந்தேன். வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் விமானத்தளம் இருக்கும் திசை தெரியும் என்பதை, நகை எவ்வளவு என்பதைவிட முக்கியமாக நான் விசாரித்தேன் என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் வாயுதூத் விமானம் வந்து போனது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து சின்ன ஊர்களுக்காக 1981இல் ஆரம்பித்த நிறுவனம் அது. பத்தொன்பது பேர் உட்காரும் டோர்னியர். நெய்வேலியிலும் இறங்கியது. மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பேன். கொஞ்ச காலம்தான். பிறகு வானம் காலியாகிவிட்டது, வடாம் மட்டும் மிச்சம்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்தவர். என் நோட்டுகளைப் பார்த்து, "வெள்ளைக்காரன் வச்ச கம்பெனிதானம்மா எல்லாம்" என்பார். வெள்ளைக்காரன் என்றால் அவர் அகராதியில் இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் அதில் சேர்த்தி இல்லை. ஒரு நாள் அவரிடம் ஏர் இந்தியாவை ஆரம்பித்த ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பற்றிச் சொன்னேன். 1904இல் பாரீஸில் பிறந்தவர், அம்மா சுசான் பிரியேர் பிரெஞ்சுக்காரி, வீட்டில் பேசியது பிரெஞ்சு, சின்ன வயசில் கடற்கரையில் பிரெஞ்சு விமானி பிளேரியோவின் விமானத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர், பிரெஞ்சு ராணுவத்தில் ஸ்பாஹி குதிரைப் படையில் ஒரு வருடம் இருந்தவர், 1929இல்தான் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டார், அடக்கமானதும் பாரீஸில் என்று அடுக்கினேன். தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்தாவா?"

"ஆமா தாத்தா. ஒரு வருஷம்."

"அப்ப நம்ம ஆளும்மா!"

அன்றிலிருந்து அவர் என் மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டு எது கிடைத்தாலும் கொண்டுபோய்க் கொடுப்பேன். படித்துச் சொல்வார், அடுத்த வாரம் வேறு மாதிரி படித்துச் சொல்வார், இரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கும்.

இனி அந்த உறை.

1996. காந்தி வீதி சண்டே மார்க்கெட். பழைய புத்தகம், பித்தளைக் குத்துவிளக்கு, பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைச் சாமான் என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும் இடத்தில், ஓர் ஆல்பத்துக்குள் அதைப் பார்த்தேன். நுனிகள் பழுத்த வெள்ளை உறை. ஜார்ஜ் டவுன் வியாபாரி ஒருவரின் விலாசம், சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்தில். 1929இல் வந்த விமானத் தபால் தலை, நீல வானத்தில் ஒரு விமானம் பறக்கிற படம். அதன் மேல் கராச்சி முத்திரை, தேதி 15 அக்டோபர் 1932. பின்பக்கம் மெட்ராஸ் முத்திரை.

இந்தத் தேதி தெரியாதவர்களுக்காக: அன்று காலை ஆறரை மணிவாக்கில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபாலை வைத்துக்கொண்டு கிளம்பினார். ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் தகர டின்களில், மாட்டு வண்டியில் வந்தது. பிற்பகல் பம்பாய் ஜூஹுவில் சேற்று மண்ணில் இறங்கினார். மழைக்காலத்தில் அந்தத் தளம் மூழ்கிவிடும், பூனாவுக்கு மூட்டை கட்டுவார்கள். இதுதான் ஏர் இந்தியாவின் பிறந்தநாள். முதல் வருடம் முழுவதும் அந்தக் கம்பெனி ஏற்றியது 155 பயணிகள். தபால்தான் பிழைப்பு.

கடைக்காரர் 1000 ரூபாய் சொன்னார். 600க்குப் படிந்தது. வீட்டில் 60 என்று சொன்னேன்.

ஒன்பது வருடம் அந்த உறை என் தேர். நல்லநாள் பெரியநாள் வந்தால் வெளியே எடுப்பேன். ஊரிலிருந்து அப்பா வந்தபோது காட்டினேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், இரண்டு பக்கமும் திருப்பினார், "முத்திரை நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். தபால்காரரிடமிருந்து வரும் மிகப் பெரிய பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியிலும் அவசரத்திலும் குத்துகிற முத்திரை அவ்வளவு நன்றாக விழாது என்பதை அவர் அப்படிச் சொன்னாரோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்க அவர் இல்லை.

2005இல் எட்டாம் வகுப்புக்கு நேரமும் தூரமும் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருக்கும் கணக்கில் எப்போதும் ஒரு ரயில் ஒரு பாலத்தைத்தான் கடக்கும். அலுத்துப்போய் நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராஸுக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால், வழியில் இரண்டு இடத்தில் அரைஅரை மணி நின்றால், எப்போது போய்ச் சேரும்? கணக்கோடு கதையும் சொன்னேன். உறையைக் கொண்டுவந்து காட்டவும் செய்தேன். பின்பக்கத்து மெட்ராஸ் முத்திரை உட்பட.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றது. "டீச்சர், எனக்கு ராத்திரி எட்டு மணி வருது."

"சரிதான், உட்காரு."

"இல்ல டீச்சர். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடுமே. பிளேனுக்கு லைட் இருந்துச்சா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றேன். ஆசிரியர்கள் பிறகு சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து உறையைத் திருப்பிப் பார்த்தேன். மெட்ராஸ் முத்திரையிலும் தேதி 15. அன்றைக்கே வந்து, அன்றைக்கே இறக்கி, அன்றைக்கே முத்திரை குத்தியிருக்கிறார்கள். இருட்டில், விளக்கில்லாத தளத்தில், ரேடியோ இல்லாத விமானத்தில்.

கணக்கு டீச்சர் நான். ஒன்பது வருடமாக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

விடை ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடந்தது. ஏற்கெனவே படித்துத் தாண்டியிருந்த வரி. ஜே.ஆர்.டி. மெட்ராஸுக்கு வரவே இல்லை. ஜூஹுவோடு அவர் வேலை முடிந்தது. அங்கிருந்து மெட்ராஸ் தபாலை எடுத்துக்கொண்டு பறந்தவர் நெவில் வின்சென்ட். அவரும் அன்றைக்கே மெட்ராஸ் வரவில்லை. பெல்லாரியில் இறங்கி இரவு தங்கினார். மெட்ராஸுக்கு வந்தது மறுநாள் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

ஆக, தபால் தலை நிஜம். உறையும் அந்தக் காலத்து நிஜம். முத்திரைதான் பொய். செய்தவர் சாமர்த்தியசாலி. எல்லாரும் சொல்கிற கதையை நம்பி ஒரே தேதியை இரண்டு பக்கமும் குத்திவிட்டார். நானும் அதே கதையை நம்பியதால் வாங்கினேன். 600 ரூபாய் போனதைவிட அதுதான் சுட்டது. வீட்டில் சொல்லவில்லை. 60 ரூபாய்க்கு என்ன இவ்வளவு துக்கம் என்று கேட்பார்கள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். எதற்கென்று அதற்குப் புரியவில்லை.

அதன் பிறகு எனக்கு வின்சென்ட் பைத்தியம் பிடித்தது. ஏர் இந்தியா வரலாறு என்று யார் எழுதினாலும் கதை ஜூஹுவில் முடிந்துவிடுகிறது. ஜே.ஆர்.டி. பெரிய மனிதர், அவரைக் குறைத்துச் சொல்ல நான் யார். ஆனால் நம் பக்கத்துக்குத் தபால் கொண்டுவந்த மனிதனின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஆங்கிலேய விமானப் படையில் இருந்தவர். போர் முடிந்து மிஞ்சிய விமானங்களோடு 1929இல் இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகத் திருவிழா ராட்டினம் மாதிரி காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வானத்தில் சுற்றிக் காட்டியவர். கராச்சி வரை வரும் லண்டன் தபாலைத் தெற்கே கொண்டுபோனால் பிழைக்கலாம் என்ற திட்டத்தோடு டாட்டாக்களிடம் வந்தவரும் அவர்தான். பெரியவர் தோராப்ஜி டாட்டா தயங்கினார், டாட்டா கம்பெனி அதிகாரி ஜான் பீட்டர்சன் பேசிச் சம்மதிக்க வைத்தார். போட்ட முதலீடு 2 லட்சம் ரூபாய். அரசாங்கம் மானியம் எதுவும் தரவில்லை. 1942இல், போர்க்காலத்தில், வின்சென்ட் ஏறிப்போன ராணுவ விமானம் பிரான்ஸ் கரைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏர் இந்தியா என்ற பெயரை அவர் கேட்கவே இல்லை.

2007இல் ஹம்பி பார்க்கலாம் என்று வீட்டுக்காரரைக் கிளப்பினேன். ஹம்பிக்குப் போவதென்றால் பெல்லாரியில் இறங்குவது இயல்புதானே. இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். ஊருக்கு நடுவே ஒரே கல்லாய் மொட்டைப் பாறை மலை, மேலே கோட்டை. மேற்கு வெயில் பட்டுச் செம்பழுப்பாக இருந்தது. மேலிருந்து வருகிறவனுக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா? வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டுமே என்று கீழே பார்த்துக்கொண்டே வந்த மனிதனுக்கு இந்தப் பாறை தெரிந்த நிமிஷத்தில் எப்படி இருந்திருக்கும்! எந்தத் தரையில் இறங்கினார் என்று நான் தேடிப் போகவில்லை. பாறை போதும். "என்ன பாக்குற?" என்றார் வீட்டுக்காரர். "வெயில்" என்றேன். உறையின் உண்மை விலையை அன்றைக்குத்தான் சொன்னேன். வெளியூரில் சண்டை போட மாட்டார் என்ற தைரியம்.

அந்தத் தபால் பாதை 1938இல் மெட்ராஸிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா, பண்ருட்டிப் பக்கம் சின்னப் பெண்ணாக மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேல் "பேய் இரைச்சல்" போனதென்றும், எல்லோரும் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் சொல்வார். எந்த வருடம் என்று கேட்டால் "கீழ்வீட்டுப் பசு செத்த வருசம்" என்பார். அது டாட்டா விமானம்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் நோட்டில் அது பென்சிலில் இருக்கிறது. உறுதியானது பேனாவில், ஆசைப்பட்டது பென்சிலில். உறைக்குப் பிறகு ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

தபால் என்றால் 2012ஐச் சொல்லாமல் முடியாது. பிரான்ஸ் நாட்டு மோன் பிளாங் மலையில் ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மோதியிருக்கின்றன. 1950 நவம்பரில் மலபார் பிரின்சஸ், 48 பேர். 1966 ஜனவரி 24 அன்று கஞ்சன்ஜங்கா, 117 பேர், அதில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். (பாபா இருந்ததால் அதைச் சுற்றிப் பல கதைகள். என் நோட்டில் அவற்றுக்குப் பென்சில்கூட இல்லை.) மலபார் பிரின்சஸ்தான் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் சேவையாகப் பறந்த விமானம். அதே விமானம் இரண்டே வருடத்தில் அந்தப் பனியில் போய் முடிந்தது. அந்தப் பனியாறு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. விழுங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டும் இருக்கிறது. 2012இல் மலையேறிகள் கண்ணில் பட்டது கஞ்சன்ஜங்காவில் வந்த ஒரு சணல் பை. மேலே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, தூதரகத் தபால் என்ற எழுத்து. உள்ளே நனைந்து ஊறிய செய்தித்தாள்கள், அதில் மெட்ராஸில் அச்சான தி இந்துவும் உண்டு. கூடவே ஏர் இந்தியா காலண்டர்.

சொல்தா தாத்தா அப்போது படுக்கையில். பிரெஞ்சுச் செய்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "நாப்பத்தாறு வருசம் ஆயிடுச்சே, இனிமே யாருக்கும்மா பட்டுவாடா பண்ணுவான்?" என்றார். பையை இந்திய அரசிடம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். "அப்ப சேந்துடுச்சு" என்று பூதக்கண்ணாடியை மடக்கிவைத்தார். ஆர்.எம்.எஸ்.காரர் மகளுக்கு இதில் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பை கிழியாமல் கிடைத்தது என்பதை நான் நாலைந்து பேருக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

மற்ற விபத்துகளைப் பற்றி நான் நிறைய எழுதுவதில்லை. 1978 ஜனவரி முதல் தேதி பம்பாய்க் கடலில் விழுந்த எம்பரர் அசோகா, 1985இல் கனிஷ்கா. நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் இருக்கின்றன. எம்பரர் அசோகா விழுந்த அடுத்த மாதமே, மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தது. 25 வருடம் சம்பளமில்லாமல் பார்த்த வேலை. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, "ரிட்டையர்மெண்ட் பார்ட்டி வச்சாங்களா?" என்று கேட்டார். 2025 ஜூன் 12க்கு நோட்டில் ஒரு பக்கம் விட்டிருக்கிறேன். அகமதாபாத். மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்த ஊர் என்றுதான் இத்தனை வருடம் அந்தப் பெயரை எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் காலி.

என் மூன்றாவது பயணம் 2015இல். அப்போது ஏர் இந்தியாவின் கிளை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏர் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு விமானம் விட்டது. பெங்களூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போனேன். ஏறியதும் ஜன்னல் வழியாக எங்கள் மாடியைத் தேடினேன். வீட்டுக்காரர் சிவப்புத் துண்டை ஆட்டுவதாகச் சொல்லியிருந்தார். மொட்டைமாடிகள் எல்லாவற்றிலும் சிவப்பாக ஏதோ ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தது பஸ்ஸில். சில மாதங்களில் அந்தச் சேவையும் நின்றது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மறுபடி டாட்டாவுக்குப் போனபோது பழைய மாணவர்கள் பலர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், நான்தான் வாங்கியது மாதிரி.

இதற்கு நடுவே 2019இல், இங்கே தபால் தலை சேகரிப்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். என் போலி உறையையே கொண்டுபோனேன். எல்லோருக்கும் கைமாற்றிக் காட்டினேன். வின்சென்ட் கதையைச் சொன்னேன், பெல்லாரி இரவைச் சொன்னேன், எட்டாம் வகுப்புக் கணக்கைச் சொன்னேன். "பின்பக்கம் மெட்ராஸ் 15 என்று இருந்தால் தொடாதீர்கள், 16க்கு முன்னால் வர வழியே இல்லை" என்று அழுத்திச் சொன்னேன். ஒருவர் எழுந்து, 16 ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, அன்றைக்கு யார் முத்திரை குத்துவார்கள் என்று கேட்டார். ஆர்.எம்.எஸ்.ஸுக்கு ஞாயிறு கிடையாது ஐயா என்றேன். நல்ல கைதட்டல். பின் வரிசையில் இரண்டு மூன்று பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெருமையாக இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிறு, காந்தி வீதியில், வேறு கடை, வேறு ஆள். ஆல்பத்தைப் புரட்டினேன். நுனி பழுத்த உறை. விமானம் பறக்கிற தபால் தலை. கராச்சி 15 அக்டோபர் 1932. திருப்பினேன். மெட்ராஸ், 16.

கை கொஞ்சம் நடுங்கியது. முத்திரை கோணலாக, பாதி அழிந்து, அவசரத்தில் விழுந்தது போல இருந்தது. அப்பா பார்த்தால் நன்றாக விழவில்லை என்று சொல்லியிருப்பார்.

"எவ்வளவுப்பா?"

"ஒரிஜினல் மேடம். நடுவுல பெல்லாரில நைட் ஹால்ட். அதனாலதான் பதினாறு போட்டிருக்கு பாருங்க. பன்னண்டாயிரம்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எங்கே கேட்ட கதை இது? புத்தகத்தில் படித்தாரா, இல்லை 2019இல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாரா? முகம் ஞாபகம் வரவில்லை. உறையை வெயிலில் பிடித்தேன், முகர்ந்தேன், அப்பா மாதிரியே இரண்டு பக்கமும் திருப்பினேன். பழைய தாள் வாசனைதான் வந்தது, கொஞ்சம் அரக்கு வாசனையும் வந்தது போல இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். அங்கேயேதான் இருந்தது. வீட்டுக்காரர் விலையைக் கேட்டதும் ஆயிரத்து இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.